சரக்கு நிறைந்திருக்கிறது

வித்யாவுக்கு ஜீப்பு ஒத்துக்கொள்ளாது. போடியில் பிறந்துவிட்டு இப்படி ஓர் உடம்பை வாங்கி வந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தெருவில் பாதிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுவார்கள். இவளோ மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் வளைவு வந்ததுமே பக்கத்தில் இருப்பவர் மடியில் வாந்தி எடுப்பாள். கடைசியில் எந்த ஜீப்பும் அவளை ஏற்றவில்லை.

அதனால் முத்துப்பாண்டியின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து பார்க்கும் சோலி கிடைத்தபோது, ஆடாத நாற்காலி ஒன்று போதும் என்று சேர்ந்துவிட்டாள்.

முத்துப்பாண்டி ஒரு ஏஐ வாங்கிப் போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் தானே பக்கங்களைத் திறக்கும், பார்க்கும், வியாபாரிகளுக்குப் பதிலும் போடும். கண்ணாடியைத் தேடச் சோம்பிக்கொண்டு, போடுகிற பதிலை வாய்விட்டுச் சொல்லும்படியும் வைத்திருந்தார். டீ கேட்காத வேலைக்காரன் என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. ஆனால் அது வெறுங்கையோடு ஒன்றும் செய்யாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே கொடுத்திருக்கும் கருவிகளை வைத்துத்தான் செய்யும். எந்தக் கருவி எதற்கு, எப்போது எடுக்க வேண்டும், என்ன பதில் தரும் என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். அந்த எழுத்து வேலைதான் வித்யாவுக்கு.

அழகாகவே எழுதினாள். குடோன் இருப்பைப் பார்க்கும் கருவி வந்தபோதுதான் கை நின்றது. சரக்கு தீர்ந்துபோனால் அது என்ன சொல்வது? 'இல்லை' என்றா? அவள் அம்மா மொக்கம்மாள் வீட்டில் அரிசிப்பானை காலியானால் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் முதுகில் விழும். வீட்டுக்கே இப்படியென்றால் தொழில் நடக்கும் இடத்துக்கு? வித்யா எழுதினாள்: 'சரக்கு தீர்ந்திருந்தால் நிறைந்திருக்கிறது என்று சொல்.' முத்துப்பாண்டி படித்துவிட்டு, "நல்ல வளப்புத்தா" என்று பாராட்டவும் செய்தார்.

குடோன் காலியானதும் ஏஐ தன் கடமையைச் செய்தது. விசாரித்தவர்களுக்கெல்லாம் "நிறைந்திருக்கிறது, வாருங்கள்" என்று பதில் போட்டது. முத்துப்பாண்டியின் காதில் அது, சரக்கு தீர்ந்துவிட்டது என்று சரியாகவே விழுந்தது. அடுத்த வாரம் வடக்கேயிருந்து லாரிகள் வந்து தெருவை அடைத்தன. டிரைவர்கள் வெறும் குடோனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளேயே துண்டை விரித்துத் தூங்கிவிட்டார், அத்தனை விசாலம். முத்துப்பாண்டி தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், சரக்கு நிறைய இருக்கிறது, தயவுசெய்து போய்விடுங்கள் என்று கெஞ்சினார். நிறைய இருக்கும்போது எதற்குப் போவது என்று அவர்கள் பீடி பற்றவைத்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர்களை ஒருவழியாக அனுப்பிவிட்டு வித்யாவிடம் வந்தார்.

"மிஷினுக்கு எழுதுறப்ப உள்ளத உள்ளபடி எழுத வேணாமாத்தா?"

"நீங்களும் படிச்சுப் பாத்தீகளேண்ணே."

"எனக்குப் புரிஞ்சுச்சு. அதுக்குப் புரியலையே."

வித்யா வெரசாகத் திருத்தினாள்: 'சரக்கு இல்லாவிட்டால் இல்லை என்று சொல். சுற்றி வளைக்காதே.'

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, முத்துப்பாண்டி சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். கம்ப்யூட்டரிலிருந்து கணீரென்று வந்தது: "இல்லை. இல்லை. இல்லை." கேட்டிருந்த ஒவ்வொரு வியாபாரிக்கும் ஓர் இல்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

வித்யா ஓடிப்போய் சத்தத்தைக் குறைத்தாள். இந்த நாற்காலியும் போனால் மறுபடி அந்த வளைவுகள்தான், அதுவும் ஏற்றிக்கொள்ள ஒரு ஜீப்பு கிடைத்தால். முத்துப்பாண்டி அவளை வேலையைவிட்டு நிறுத்துவதென்று முடிவே செய்துவிட்டார். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வயசுப்பிள்ளையைப் பார்த்து 'போ' என்று எந்த வாயால் சொல்வது? "சரித்தா, போயிட்டு வா" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று போடியில் கைப்பிள்ளைக்கும் தெரியும். வித்யாவுக்கும் தெரிந்தது. வீட்டுக்குப் போய் முகம் வீங்க அழுதாள்.

மறுநாள் காலையில், முத்துப்பாண்டி பூட்டைத் திறக்க வந்தபோது, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள்.

"என்னாத்தா?"

"வரச் சொன்னீகளேண்ணே."

முத்துப்பாண்டி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே எழுத்துதான். அது வரவில்லை. சாவியை அவளிடம் நீட்டினார்.