பாக்கியம் மிஸ்ஸி மாற்றச் சொன்ன சொல்

பாக்கியம் மிஸ்ஸி காலமான செய்தி, ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும்போது தொலைபேசியில் வந்தது. "உங்களுக்குப் பழக்கமானவங்கதானே?" என்று கேட்டார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பிரசவம் பார்த்த மருத்துவமாது. குடையும் ரப்பர் சப்பாத்துமாக, ஓய்வு பெறும்வரை தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கியவர். மரணவீட்டில் ஒலிவாங்கி பிடித்துப் புகழ்ந்தவர்களில் ஒருவரும் அவருடன் அந்த மலை ஏறியதில்லை.

இருபது வருடங்களுக்கு முன்பு, தாய்ப்பால் கொடுப்பதில் புதிய தாய்மாருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்களின் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கியவன், பள்ளி ஆசிரியனான நான். அறிக்கையில் என் பெயரைப் போடவில்லை. அதை நான் மறக்கவுமில்லை. "குழந்தைக்குப் போதிய பால் கொடுப்பேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு." இப்படி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. பிள்ளைக் காப்பகத்தில் உட்கார்ந்து கேட்டேன். எல்லாத் தாய்மாரும் ஐந்து என்றார்கள்.

மிஸ்ஸி சிரித்தார். "தம்பி, நம்பிக்கைன்னா சாமியப் பத்திக் கேக்குறீங்கன்னு நெனைக்குதுங்க. பால் பத்தலன்னு வாயால சொன்னா வத்திரும்னு மாமியாமாரு வேற சொல்லி வச்சிருக்காங்க. எவ இல்லேம்பா? பயமா இருக்கான்னு கேளுங்க. கொட்டிருவாளுக."

"கேள்விய மாத்த முடியாதுங்க."

"ஏன், உங்க தாளு என்ன வேதமா?"

தாய்மார் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது. மறுநாள் முதல் அவர் அறைக்குள் இருக்கக் கூடாது என்று குழுவிடம் சொல்லி வைத்தேன். அவர் வெளியே, கூரை நுனியில் மழை சொட்டும் இடத்தில் நின்றார்.

அன்று வந்தவள் கலா. முதல் பிள்ளை, பிறந்து பத்து நாள். என் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ஐந்து என்றாள்.

"கலா எப்படிங்க?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"முழுப் புள்ளி."

கலாவின் லயம் மலை உச்சியில். கீழேயும் மூன்று வீட்டில் பிள்ளை பெற்றிருந்தார்கள். அவர் குடையை விரித்தபடி யோசித்தார். "அப்பச் சரி, அவள அடுத்த வாரம் பார்க்குறேன்."

அவர் ஏறிப் போவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பால் போதவில்லை என்று யாரிடமும் சொல்லப் பயந்து, கலா சீனித்தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மிஸ்ஸி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "அவ சொன்னதத்தான எழுதுனீங்க. உங்க தாள நம்புனது என் தப்பு, தம்பி" என்றார். அப்படிச் சொன்னதற்காகவே அவர்மீது எனக்கு நெடுங்காலம் கோபம் இருந்தது. வழியில் கண்டால் கடைக்குள் ஒதுங்கிவிடுவேன். அந்த ஐந்துகள் மட்டும் ஒதுங்கவில்லை. மாணவர்களின் தாள் திருத்தும்போதுகூட, ஐந்து எழுதக் கை ஒரு கணம் நின்றுவிடும்.

மரணவீட்டில் நரை விழுந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். "கேள்வி கேட்ட சார்தானே நீங்க?" கலா. "ரெண்டாவது புள்ளைக்கு மிஸ்ஸி தெனமும் ஏறி வந்தாங்க. வாசல்லயே கேப்பாங்க, பயமா இருக்காடின்னு." பக்கத்தில் நின்ற மகளின் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

பெட்டியின் கால்மாட்டில் அந்த ரப்பர் சப்பாத்தைக் கழுவி வைத்திருந்தார்கள். மூடுவதற்கு முன் குனிந்தேன். அவர் என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"பயமா இருக்கு, மிஸ்ஸி. போயிட்டு வாங்க."