தினமும் குளித்த நாய்

அக்கா இறந்தபோது நான் வீட்டின் பின்பக்கம் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நாங்கள் இருவர் மட்டும் இருந்த வீடு. நான் பள்ளியில் தையல் டீச்சர். அக்கா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், லாரிகளை எடை போடும் மேடையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள். அங்கே ஒரு லாரிக்கு அடியில் கிடந்த குட்டியை மடியில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தாள். அதுதான் எங்கள் நாய்.

இரும்புத் தூளோ, மணலித் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்றோ, எதுவென்று யாரும் சொல்லவில்லை, அவளுடைய நுரையீரல் கெட்டுப்போனது. வீட்டில் தூசி கூடாது என்றார்கள். நாய்க்கோ கடற்கரையில் புரளாமல் பொழுது போகாது. கறுப்பு மணலும் கல் இடுக்குச் சேறுமாக வரும். குளிப்பாட்டாமல் அதை அக்காவின் அறைக்குள் விடுவதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். நாயும் பழகிவிட்டது. குளித்ததும் அறை வாசலில் நிற்கும். அக்கா கட்டிலிலிருந்து "வா" என்றால்தான் உள்ளே போகும்.

அவள் இறந்த அன்று பிற்பகல் அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசாக இருந்தது. "அத்த உள்ள வுடேன். சும்மா பாத்துகினு இருக்கேன்" என்றாள்.

"மேலெல்லாம் கலீஜா கீது. பத்து நிமிசம், குளிப்பாட்டி இட்டாறேன்."

"அழுக்கோட வந்தா இன்னா?"

நான் நாயை இழுத்துக்கொண்டு போய் ஒரு முறை சோப்பு போட்டேன், திருப்தியில்லாமல் இரண்டாம் முறையும் போட்டேன். துவட்டி அழைத்துவந்தபோது அது வழக்கம்போல வாசலில் நின்றது. உள்ளேயிருந்து குரல் வரவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நாய் மறுபடி சேற்றோடு வந்தது. குளிப்பாட்டினேன். மறுநாளும் குளிப்பாட்டினேன். இனி யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. தண்ணீர் ஊற்றும்போது அக்காவின் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பேன். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகும் சத்தம்தான் இருக்கும். திறந்தால் மறுபடி இருமல். நாயும் தலையைத் திருப்பி அதே சுவரைப் பார்க்கும். பிறகு போய் அறை வாசலில் நிற்கும், உடம்பு காயும்வரை நிற்கும். "வா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மாதத்தில் நாய் தன்னையே கடித்துக்கொள்ள ஆரம்பித்தது. முடி கொத்தாக உதிர்ந்தது. கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்ன வயசுப் பெண்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா குளிப்பாட்டுறீங்கம்மா?"

"தெனிக்கும். சில நாள் ரெண்டு வாட்டி."

"எந்த சோப்பு?"

"நாம போடுறதுதான்."

வயிற்றுப் பக்கம் முடியை விலக்கிக் காட்டினார். தோல் சிவந்து செதில் செதிலாக இருந்தது. "வேற எதுவும் இல்லம்மா. நீங்க குளிப்பாட்டுறதுதான் காரணம். தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையே போயிடுச்சு. சேத்தோட வந்தா உடனே தண்ணி ஊத்தாதீங்க. காயவிட்டு பிரஷ்ஷால சீவுங்க, தானா உதிரும். மிச்சத்தை ஈரத் துண்டால துடைங்க. காலை மட்டும் கழுவி, விரல் இடுக்குல ஈரமில்லாம துடைச்சாப் போதும். ரொம்ப நாறினா மட்டும் குளிப்பாட்டுங்க, அதுவும் நாய் ஷாம்புல."

தோலுக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். மறுநாள் படியில் உட்கார்ந்து, சேறு காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். பிரஷ் பட்டதும் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. துண்டால் முதுகை இரண்டு தரம் துடைத்தேன். அவ்வளவுதான். அன்றைக்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். குளிக்காத நாய்க்கு வாசலில் நிற்க வேண்டும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. வாசலில் நின்றது நான்தான்.

தோல் ஆறி முடி முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கரையில் செத்துக் கிடந்த மீன்மேல் புரண்டுவிட்டு வந்தது. துடைத்துத் தீரும் நாற்றமில்லை. தனியாகக் குளிப்பாட்டப் பயந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். மீன் விற்பவர், எங்கள் சுவரும் அவர் சுவரும் ஒன்று.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், கொழாயத் தொறந்து தொறந்து மூடுற? இத்தினி நாளா இதான் கேட்டுகினு இருந்துச்சு. உள்ள யார்னா கூப்புடுறாங்களா?" என்றார்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஷாம்பு தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நான் செவுத்தாண்ட குந்திகினு இருந்தேன். நாய் ஒதறிச்சு, நீ அத்த திட்டுன. உங்கக்கா சிரிச்சாங்க. என் காதுல வுழுந்துச்சு."

நாய் எப்போதும் உதறும். நான் எப்போதும் திட்டுவேன். அன்றைக்கும் அப்படி நடந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவர் கேட்டது நிஜமா, எனக்காகச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

குழாயை அவரே மூடினார். நாயை வெயிலில் நிறுத்தி, ஆளுக்கு இரண்டு காலாகத் துடைத்தோம். இப்போது எப்போதாவது ஒருமுறை, அவரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் குளிப்பாட்டுகிறேன்.