பூட்டிய வார்டுக்குள் ஒரு டீக்கடை

என் வீட்டுக்காரர் கோவிந்தப்பன் பெங்களூர்ப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து முதல் தடவை குணமாகி வந்தபோது, எங்கள் குருபரப்பள்ளி டீக்கடைதான் அவரைத் திருப்பி அனுப்பியது. பாவிகள், நிம்மதியாக உட்காரவிட்டார்களா? தலைக்குக் கரண்ட் வைத்தார்களாமே என்று எங்கள் ஊர் நாராயணப்பன் கேலியாகக் கேட்க, இவர் டம்ளரை விட்டெறிந்தார். மறுபடியும் பூட்டிய வார்டு. இன்னொரு தடவை இப்படி வந்தால் வெளியே விடுவது கஷ்டம் என்றார் டாக்டர்.

அந்த வார்டில் காவேரிப்பட்டினத்து லால் பாஷா என்று ஒரு மிளகாய் வியாபாரி, அவரும் நோயாளிதான். சாயங்காலமானால் முற்றத்தில் எல்லோரையும் உட்காரவைத்து டீக்கடை நடத்துவாராம். டீ கிடையாது, வெறும் பேச்சு. வீட்டுக்குப் போகப்போகிறவர் நடுவில் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஊர்க்காரர்களாக மாறி, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேலிக் கேள்வி கேட்டுக் குடைவார்கள். கோபம் வந்தால் நிறுத்தி, தோளைத் தட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். இவருக்குச் சிரிப்பு வரும்வரை விடவே இல்லையாம்.

இரண்டாம் தடவை வந்தவர் நேரே அதே கடைக்குப் போனார். பயத்தில் நானும் பின்னாலேயே போய் நின்றேன். அதே நாராயணப்பன், அதே கேள்வி.

"வெச்சாங்கப்பா. நம்மூருக்குத்தான் கரண்ட் இன்னும் வரல, எனக்கு வந்துடுச்சு பாரு," என்றார் இவர்.

கடையே சிரித்தது. நாராயணப்பன் மட்டும் சிரிக்கவில்லை. வீடு வரைக்கும் எங்கள் பின்னால் வந்து, தன் தங்கை ருக்மணியைப் பின்கட்டில் பூட்டிவைத்திருப்பதாகச் சொன்னான். அவளுக்கும் குணமாகுமா என்று நேராகக் கேட்கத் தெரியாமல்தான் கேலியாகக் கேட்டானாம். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

ருக்மணியை இவரே கூட இருந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவள் கொஞ்சம் தேறியதும் என்னைக் கூப்பிட்டார்.

"பொம்பளைங்களுக்கு டீக்கடை ஆகாது, கெணத்தடி வேணும். உன் வாய்க்கு வேற ஆளே தேட வேணாம், வா."

அப்படித்தான் பெண்கள் வார்டில் நான் ஊர் வம்புக்காரி ஆனேன். வாராவாரம் போய் ருக்மணியைக் குடைவேன். அவள் தலைகுனிந்து அழுவாள், மற்ற பெண்கள் தேற்றுவார்கள். எனக்கும் மனசு கேட்காது, ஆனாலும் விடவில்லை. ஒருநாள், இனிமேல் உன்னை எவன் கட்டுவான் என்று கேட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னையே ஒருத்தர் கட்டியிருக்காரே அக்கா, எனக்கு ஆளு கெடைக்காதா?"

நானே சிரித்துவிட்டேன். வார்டே கைதட்டியது. ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நாராயணப்பன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான்.