தம்பியின் கெண்டைக்கால்

தம்பி தரையிலிருந்து எழுந்த விதம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. முதலில் குப்புறத் திரும்பிக் கையையும் காலையும் ஊன்றுவான். பிறகு கைகளை முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி வைத்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல நிமிர்வான். அந்த ஐந்து வயதிலேயே கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். "மலை ஏறப் பொறந்த காலுடா இது!" என்று அப்பா தட்டிக்கொடுப்பார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையான அந்த லயமே பெருமைப்பட்டது. அந்தப் பருமன்தான் நோயின் அடையாளம் என்று யார் கண்டார்கள்? பத்து வயதில் அவன் நடை நின்றது. அதன்பிறகு அக்காதான் அவனை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். பதினேழு வயதில் போய்விட்டான்.

நாட்டில் போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், வட்டகொடையிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை தோட்டப் பாடசாலை ஆசிரியர். அக்காவுக்குப் பிடித்துவிட்டது, அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே கொழுந்து பறித்தாள். ஆனால் தம்பியைப் பார்த்த டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: கோளாறு மரபணுவில் இருக்கிறது, அம்மா வழியாக வந்திருக்கலாம், பெண்பிள்ளைகள் நோயில்லாமலே அதைச் சுமந்து தங்கள் மகன்களுக்குக் கொடுத்துவிடக்கூடும். "எங்கிட்டயும் அது இருக்கான்னு பாத்துட்டுப் பதில் சொல்றேங்க" என்றாள் அக்கா. பெண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். எனக்கு ஊசி என்றால் நடுக்கம். அக்கா என் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

அக்காவிடம் அது இருந்தது. என்னிடம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அப்புறம்தான் வந்தது. கல்யாணத்துக்கு இது தடையில்லை, மகன் பிறந்தாலும் பாதிக்குப் பாதிதான் என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னார். "தூக்குனவ நானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா எழுந்துவிட்டாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தங்கச்சியக் கேட்டுப் பாருங்க, அவளுக்கு ஒன்னும் இல்லையாம்" என்று அவளே சொன்னாள். நான் மாட்டேன் என்று குதித்தேன். "பைத்தியமா ஒனக்கு? ஒருத்தியாவது நல்லா இருக்கட்டும்" என்று அதட்டினாள். குதித்தேனே தவிர, கடைசியில் கழுத்தை நீட்டினேன். அவரை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

என் மகனுக்கு இப்போது ஐந்து வயது. அக்கா வரும்போதெல்லாம் அவனைத் தரையில் உட்காரவைத்து, "எந்திரி ராசா, பாப்போம்" என்பாள். அவன் கையே ஊன்றாமல் துள்ளி எழுவான். போன முறை என்னால் தாங்க முடியவில்லை. "எங்கிட்ட இல்லன்னு அப்பவே சொல்லிட்டாங்களேக்கா, இன்னும் எதுக்குப் பாக்குறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"தெரியும்டி. பாக்க நல்லாருக்கு" என்றாள். அவனை மறுபடி உட்காரச் சொன்னாள்.