நூற்றுப் பதினேழாம் தொட்டி

செடித் தொட்டியை இரு கையாலும் ஏந்தி, அக்கா கண்ணை மூடி ஒரு கணம் நிற்கிறார். "இதுக்கு அரை டம்ளர்." அடுத்ததைத் தூக்குகிறார். "இதுக்கு இன்னிக்கு வேண்டாம்." கண்ணாடிக் கூடத்தின் முந்நூறு தொட்டிகளுக்கும் காலையில் இப்படித்தான் தண்ணீர். மூலையில் புத்தம்புது மின்தராசு ஒன்று உண்டு. அதன்மேல் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குத் தராசு அக்கா என்று பெயர். இங்கே வருமுன் பதினாறு வருடம் ரொட்டிக் கடையில் மாவு உருட்டினார். எடை ஓர் இம்மி பிசகினாலும் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். கடையை மூடிவிட்டார்கள், கை பழக்கத்தை விடவில்லை. பேருந்து ஓட்டும் கணவர் மாலையில் சாப்பாட்டு டப்பாவை நீட்டினால், திறக்காமலே, "கால்வாசி மிச்சம். வெளியில என்ன தின்னீங்க?" என்பார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மனிதர் இப்போதெல்லாம் உண்மையே பேசுகிறார்.

கூடத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். அவர் தாடி பாதி நரைத்தது ஆராய்ச்சியால்தான் என்பது அக்காவின் கட்சி. இலைக்குள் எடுபிடி வேலை பார்க்கும் ஒரு நொதி, தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துக் கொடுக்கும் பெரிய வேலைக்கு உயர்வதுண்டாம். உயர்ந்து முடித்த செடிகள் ஏராளம். பாதி வழியில் இருக்கும் செடியைத்தான் அவர் பதினோரு வருடமாகத் தேடினார். இந்தப் பருவத்தோடு ஆய்வை மூடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

அந்த வாரம் பார்த்து நூற்றுப் பதினேழாம் தொட்டியில் சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். மண் காயவே இல்லை. வேர் அழுகியிருக்கும், மற்றதற்கும் பரவும், குப்பையில் போட்டுவிடுங்கள் என்றார் பேராசிரியர். அக்கா தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தவர், வைத்தபடியே நின்றார்.

"அழுகின வேரு நாறும் சார். இது நாறல. பக்கத்துச் செடி அளவுக்கு வளந்துமிருக்கு. குடிக்கறதுதான் பாதி."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா நகரவில்லை.

"ஒரே ஒரு தடவ, இலை மூச்ச அளக்கற அந்த மெஷின்ல வெச்சுப் பாருங்க. தப்புன்னா நானே கொண்டுபோய்ப் போடறேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அழுகல் என்பது நிஜமானால் வரிசையே போகும், பழி அக்கா தலையில் விழும். ஆனால் கை சொன்னதை அவரால் தள்ள முடியவில்லை.

இலையைக் கவ்விக்கொண்டது கருவி. பேராசிரியர் எண்களைப் பார்த்தார். இலையை மாற்றினார். கருவியையே மாற்றினார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வாயுவைத் திறமையாகப் பிடிக்கத் தெரிந்த செடி தன் இலைத் துளைகளை அகலத் திறக்க வேண்டியதில்லை, தண்ணீரும் வீணாவதில்லை. பத்து நாள் கழித்து, இலையை அரைத்துச் செய்த சோதனையும் அதையே சொன்னது. பழைய நொதி பழைய வேலையையும் விடாமல் புது வேலையிலும் கால் வைத்திருந்தது.

கூடமே ஆர்ப்பரித்தது. மேலிடத்துக் கடிதம் வந்த வழியே திரும்பிப் போனது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நொதியைப் பற்றிப் பாடம் நடத்தினார். அந்த நொதி என்னதான் செய்தது என்று பேராசிரியர் பொறுமையாக விளக்கி முடித்தபோது, "மாவு உருட்டின கை தொட்டி தூக்கற மாதிரின்னு சொல்லுங்க," என்றார் அக்கா. பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலையில் அக்கா வந்தபோது பேராசிரியர் அவருக்கு முன்பே வந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு கையில் நூற்றுப் பதினாறு, மறு கையில் நூற்றுப் பதினேழு, இறுக்க மூடிய கண். ஒன்றும் பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா அருகில் போய், தொட்டி விளிம்பைப் பற்றியிருந்த விரல்களைத் தண்ணீர் டம்ளரால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, எடை உட்கார வேண்டிய இடம் இது என்பதுபோலத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.