மாதம் எழுதாத நோட்டு

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கடை. கண்ணாடிக் குளிர்ப்பெட்டிக்குள், பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜிஞ்சர் பீர் டின். வெளியே சித்திரை வெயில். வாங்கித் திறந்ததும் இஞ்சி வாசனை வந்தது. பின்னாலேயே கடலூரில் நானும் செல்வமும் குடியிருந்த மாடி அறையும் வந்தது.

நான் அப்போது ஒரு பத்திரிகையின் கடலூர் நிருபர். செல்வம் கிள்ளைக்காரன்; பம்புசெட் கடையில் வேலை. பெயரில்தான் பீர் இருந்ததே தவிர, அவன் தயாரித்தது சாதுவான பானம். இஞ்சியையும் சர்க்கரையையும் தண்ணீரில் போட்டு ஒரு ஜாடியில் நுரைக்க விடுவான். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல அதை இஞ்சித் தண்ணீரில் கலந்து பாட்டிலில் அடைத்தால், சில நாளில் பொங்கிக்கொண்டு நிற்கும். குடித்தால் ஏப்பம்தான் ஏறும், வேறெதுவும் ஏறாது.

பாட்டில்கள் பழைய பேப்பர் கடையில் வாங்கியவை. பாண்டிச்சேரி போய்வந்தவர்கள் காலி செய்தவை. அவற்றைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்ததைப் பார்த்த வீட்டுக்காரர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. ஒருநாள் குடித்துப் பார்த்தார். அதன்பிறகு காலி பாட்டிலை அவரே கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐப்பசி மழைக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போடுவான். தை மாதம் மேல்பட்டாம்பாக்கத்துப் புதுவெல்லம். சித்திரைக்கு எலுமிச்சையும் நன்னாரி வேரும். இஞ்சி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மூடி போட்டு எத்தனை நாள் என்று நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். நிருபர் புத்தி.

செல்வத்தின் தங்கைக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது, மாப்பிள்ளையின் மாமா, மலேசியாவில் இருந்தவர், கலரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அங்க ஜிஞ்சர் பீர்னு ஒண்ணு குடுப்பாங்க. இங்க எங்க கெடைக்கப்போவுது?"

"கல்யாணத்துக்கு அதான் மாமா. நம்ம கையால," என்று சபையில் சொல்லிவிட்டான் செல்வம். இனி பின்வாங்கினால் பெண் வீட்டுக்குத் தலைகுனிவு.

முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு கிள்ளை வீட்டில் அறுபது பாட்டில் அடைத்தோம். இரண்டாம் நாள் மதியம் பின்கட்டில் 'டப்' என்றது. உடனே இன்னொன்று.

"கல்யாணத்துக்கு வாங்கின பட்டாச எவன்டா ஊட்டுக்குள்ள கொளுத்துறது?" என்று செல்வத்தின் அம்மா கத்தினார்.

செல்வம் என்னிடம் வந்தான். "மச்சான், நாலு நாள்னு நீதான எழுதி வெச்ச?"

"ஆமா."

"எந்த மாசத்துல?"

நோட்டைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது, மாதம் இல்லை. அது மார்கழிக் குளிரின் கணக்கு. இப்போது நடப்பதோ அக்னி நட்சத்திரம்; இதில் ஒன்றரை நாளே ஜாஸ்தி. ஊரும் தேதியும் போடாமல் ஒரு வரிச் செய்திகூட அனுப்பியதில்லை நான்.

"உன் பேப்பர எவன்டா காசு குடுத்து வாங்குறான்?" என்றான் செல்வம்.

பதினோரு பாட்டில் போனபின் வழி தெரிந்தது. குளிர்ந்தால் பொங்குவது அடங்கும். முடசல் ஓடையில் மீன் இறங்கும் இடத்துக்கு ஓடி, நாலு மீன் பெட்டியும் ஐஸும் கொண்டுவந்தான். முகத்துக்கு முன்னால் முறத்தைப் பிடித்துக்கொண்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாக ஐஸில் புதைத்தோம். அம்மா தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று முதல் பாட்டில் மலேசியா மாமாவுக்கு. செல்வம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் குடித்தார், பாட்டிலை முகர்ந்தார்.

"லேசா மீன் வாசம் வருதே?"

"கிள்ளையில பொண்ணு எடுத்துட்டு மீன் வாசத்துக்குப் பயந்தா எப்படி?" என்றார் செல்வத்தின் அம்மா.

"வந்தா வரட்டும் சம்பந்தியம்மா. இன்னொண்ணு குடுக்கச் சொல்லுங்க."

அந்த மாடி அறை இடிந்து அங்கே செல்போன் கடை வந்துவிட்டது. பாட்டிலுக்கு மூடி அடிக்க செல்வம் வைத்திருந்த கை மெஷின் காயலான் கடைக்குப் போனது. அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனிடம் டாக்டர் சர்க்கரையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தயாரித்த மாதம் பளிச்சென்று அச்சாகியிருந்தது. குடித்து முடித்தேன். நாக்குக்கு எந்த மாதமும் தெரியவில்லை.