சந்தனம் வைத்த ரோப்

அகரத்தில் ஒரு கிணற்றைத் தூர்வாரிக்கொண்டிருந்தோம். கிரேன் என்னுடையது. உள்ளே இறங்கிச் சேறு அள்ளும் செல்வி, "அண்ணே, கொக்கிக்கு மேல இரும்பு ரோப்புல கம்பி பிரிஞ்சு நிக்குது" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஆயுத பூசை போட்டு ரெண்டு நாளுதான் ஆச்சு. வேலையப் பாரு" என்று கத்தினேன்.

மூன்றாவது தொட்டி மேலே வரும்போது ரோப் அறுந்தது. சேற்றோடு தொட்டி கிணற்றுக்குள் விழுந்தது. என் பேச்சை நம்பாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றதால் செல்வி பிழைத்தாள்.

படியேறி வந்தவள், தொங்கிய நுனியை இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இம்புட்டுச் சந்தனம் அப்பியிருக்கியேய்யா, அப்ப கண்ணு எங்க இருந்துச்சு?"

சந்தனம் வைக்கும்போதே அந்தக் கம்பி என் விரலில் குத்தியது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் குங்குமமும் வைத்தேன். அந்த விரலைப் பார்த்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.